சுவாமிமலை ஏற்றம்

திருக்கோணமலைக்கு வருவோரிற் பலர் துறைமுகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகின்றனர். உலகின் பெரிய இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றல்லவா, பார்க்கத்தான் வேண்டும். ஆயினும் ஒரு வெள்ளிக்கிழமை மாலையில் பிரெடரிக் கோட்டை வாசலிற் சிறிது நேரம் நிற்பவர்க்கு வேறொரு காட்சியும் கிட்டும். கையில் அர்ச்சனைத் தட்டும் குடையுமாக முதியவர்கள் ஒவ்வொருவராய் உள்ளே நுழைவார்கள். புள்ளிமான்கள் மேயும் மரநிழலில் இளைப்பாறுவார்கள். பின்னர் மூச்சு வாங்கச் சுவாமிமலை ஏற்றத்தில் ஏறுவார்கள். அவர்களுள் ஒருவர் என் தந்தையார்.

எழுபது வயதைத் தாண்டிய பின்னரே அவர் இவ்வழிக்கு வந்தார். துறைமுகத்திற் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். தொழிற்சங்கக் கூட்டமென்றால் ஊணுறக்கம் மறப்பவர். கோயிற் பேச்செடுத்தால், "அது உன் அம்மாவின் இலாகா" என்று சிரிப்பார். அம்மா மலையேறும்போது இவர் கீழே மான்களின் அருகில் நின்று பத்திரிகை வாசிப்பார். அத்தகையவர் நெற்றி நிறையத் திருநீற்றுடன் நிற்கக் கண்டபோது எனக்கு முதலில் வியப்பும், மறைப்பானேன், பின்னர் சற்று வருத்தமும் உண்டாயின. மரணபயம் பற்றிக்கொண்டதோ என்று எண்ணினேன். ஆச்சிரமங்கள் நான்கென வகுப்பிலே மாணவர்க்கு விரித்துரைக்கும் நான், வானப்பிரஸ்தம் என் வீட்டு முற்றத்திலேயே வந்து நின்றபோது அதனை அடையாளம் கண்டேனல்லேன்.

இது நம்மவர்க்கு மாத்திரம் உரிய வழக்கமுமன்று. போயா நாளில் வெள்ளையுடுத்துச் சில் அனுட்டிக்கும் சிங்கள மூதாட்டியரையும், பிள்ளைகளைக் கரைசேர்த்த பின் ஹஜ்ஜுக்குப் புறப்படும் முஸ்லிம் பெரியவர்களையும் இவ்வூரார் நன்கறிவர்.

சென்ற ஆண்டு தந்தையாரைப் பரிசோதித்த வைத்தியர், செங்குத்தான ஏற்றம் ஆகாது என்றார். நான் உடனே வீட்டுச் சுவாமியறையைப் புதுக்கினேன். கோயிற் பூசைகளை நேரலையாகக் காட்டும் கைத்தொலைபேசி ஒன்றையும் வாங்கிக் கொடுத்தேன். நல்ல மகன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டதும் உண்மை. அந்த வெள்ளிக்கிழமை மாலை தொலைபேசி மேசையிற் கிடந்தது. குடையைக் காணவில்லை, தந்தையாரையுங் காணவில்லை.

நான் பின்தொடர்ந்து சென்று அவரைக் கண்டது இராவணன் வெட்டின் அருகில். அந்த இடத்தின் கதையை இவ்வூர்ப் பிள்ளைகள் பாலர் வகுப்பிலேயே கேட்டிருப்பார்கள். இராவணனின் தாய் சிவவழிபாடு தவறாதவள். முதுமையும் நோயும் மேலிட்டு அவளாற் கோணேசர் சந்நிதிக்கு வர இயலாதபோது, மகன் மலையையே பெயர்த்து அவளிடம் கொண்டுசெல்ல எண்ணி வாளால் வெட்டினானாம். மலை பிளந்தது, பெயரவில்லை. பின்னர் தாய் இறந்தாளெனக் கேட்டு அவளுக்குக் கிரியை செய்த இடமே நகரிலிருந்து சில மைல் தொலைவிலுள்ள கன்னியா வெந்நீரூற்று என்பர். ஏழு கிணறுகள் அங்கே உண்டு. பெற்றோரின் அந்தியேட்டியை அங்கு செய்வது தமிழரிடையே நெடுங்கால வழக்கு. தாயின்மீது இராவணன் கொண்ட அன்பையே இக்கதையிற் போற்றுவோம். மலையைக் கொண்டுவா என்று அந்தத் தாய் கேட்டாளா என்பதை நான் அன்று வரை யோசித்ததில்லை.

"ஏனப்பா, வீட்டிலே எல்லாம் வைத்திருக்கிறேனே?" என்றேன்.

"சாமியை நீ வீட்டுக்குக் கொண்டு வரலாம், தம்பி. நான் ஏற வேண்டியதை யார் ஏறுவது? உன் அம்மா இத்தனை வருஷம் தனியாகத்தானே ஏறினாள். சண்டைக் காலத்திலே, அத்தனை சோதனையும் கடந்து ஏறினாள். நான் கீழே நின்றேன்."

அதன்பின் அவர் பேசவில்லை. நானும் கடலையே பார்த்துக்கொண்டிருந்தேன். சம்பந்தர் பாடிய இத்தலத்தின் பெருங்கோயிலைப் பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் போர்த்துக்கேயர் இடித்து, அதன் கற்களைக் கொண்டு கோட்டை கட்டினர். நாம் நுழைந்து வந்த கோட்டையே அது. அதற்குப் பிந்திய நெடுங்காலம் மலையுச்சியில் ஆலயமில்லை. ஆயினும் மக்கள் ஏறினார்கள். பாறை விளிம்பில் நின்று பூவையும் பழத்தையும் கடலில் இட்டு வணங்கினார்கள். ஆங்கிலேயர் காலத்துக் குறிப்புகளில் இது காணப்படுகிறது. 1950ஆம் ஆண்டு நகரிற் கிணறு தோண்டியபோது பழைய விக்கிரகங்கள் வெளிப்பட்டன. புதிய ஆலயம் எழுந்து 1963இற் கும்பாபிஷேகம் நடந்தது. தந்தையார் அப்போது சிறு பையன். தோளிலே தூக்கிக் காட்டினார்களாம். இதனை அவர் எனக்குச் சொன்னதும் அன்றுதான்.

வைத்தியர் சொல்லையும் தள்ளிவிட முடியாது. ஆகவே இப்பொழுது கோட்டை வாசல் கடந்து ஏற்றம் தொடங்குமிடம் வரை முச்சக்கர வண்டி. அதற்கு மேல் நடை. வழியில் மூன்று இடங்களில் உட்காருகிறோம். முதலாவது இடம் அவர் பத்திரிகை வாசித்துக்கொண்டு நிற்கும் அதே மரத்தடி. மான்கள் வந்து அர்ச்சனைத் தட்டிலுள்ள வாழைப்பழத்தை முகர்கின்றன. அவர் ஒன்றை உரித்துக் கொடுத்துவிட்டு, "அம்மாவுக்குத் தெரிந்தால் ஏசுவாள்" என்கிறார். பிறகு என் தோளைப் பற்றிக்கொண்டு எழுந்திருக்கிறார்.