சொன்னால் மறக்கும் மந்திரம்

மனனம் செய்த செய்யுளைச் சொல்லச் சொல்ல அது நினைவில் ஊன்றும் என்பதே தமிழ் படித்த நமது அனுபவம். 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கிய 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டிலோ நிலைமை நேர்மாறு. மந்திரவாதி தன் ஏட்டைப் பார்த்து மந்திரத்தை மனத்தில் ஏற்றிக்கொள்கிறான். உச்சரித்த கணமே அது மறந்துபோகிறது. ஜாக் வான்ஸின் 1950-ஆம் ஆண்டுக் கதைநூலான 'தி டையிங் எர்த்' தந்த கற்பனை இது.

தொடக்கநிலை மந்திரவாதிக்கு நாளொன்றுக்கு ஒரே மந்திரம். கவசம் அணிய விதியில்லை. ஓரிரு வெட்டில் வீழ்வான். ஆனால் அவனது உறக்க மந்திரம் எளிய பகைவர் பலரை ஒருசேரச் சாய்க்கும். அதை முதல் அறையிலேயே செலவிடுவதா, இறுதிவரை காப்பதா? ஆட்டத்தின் சூட்சுமம் முழுவதும் இந்தக் கேள்விதான்.

2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் இம்மறதி இல்லை. மந்திரம் நினைவில் நிற்கும். அதைச் செலுத்தும் வாய்ப்புகளே தீரும். சிறு மந்திரங்களுக்கு அவ்வரம்பும் கிடையாது.

வசதிதான். ஆயினும் நண்பர்களோடு ஆடுகையில் நமது மனம் நாடுவது பழைய விதியையே. நாளெல்லாம் வகுப்பறையில் சொற்களை வாரியிறைக்கும் நமக்கு, கையிருப்பில் ஒரே சொல்லோடு நிற்பவனின் தயக்கம் பாடமாகிறது. காத்துவைத்த மந்திரத்தோடே மாண்டுபோன மந்திரவாதிகளையும் ஆட்டத்தில் கண்டிருக்கிறோம். உரிய வேளையில் சொல்லப்படாத சொல்லும் வீண்தான்.