ஆயாவின் காலணாவும் அனுமார் காசும்

போன தடவை எல்லோரும் கவிதை எழுதினார்கள். எனக்குக் கவிதை வராது. அதனால் எங்கள் வீட்டில் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

முந்திரி எடுத்து முடிந்த சமயம். ஒருநாள் சாயங்காலம் சித்தப்பா ஓர் ஆளைக் கூட்டி வந்தார். அந்த ஆள் மஞ்சள் துணியிலிருந்து தடியான ஒரு தாமிரக் காசை எடுத்தார். ஒரு பக்கம் அனுமார். மறுபக்கம் கிழக்கிந்தியக் கம்பெனி பெயர் இங்கிலீஷில், வருஷம் 1616. தான் கொண்டுவந்த அரிசியைத் தட்டில் கொட்டிக் காசைக் கிட்டே கொண்டுபோனார். அரிசி நகர்ந்து வந்து ஒட்டிக்கொண்டது! இடி விழுந்து சக்தி ஏறிய காசாம், கோடிக்கணக்கில் விலை போகுமாம். முன்பணம் பதினைந்தாயிரம் கேட்டார். வீட்டில் இருந்த பணமே அவ்வளவுதான். அக்காவுக்குக் காலேஜ் பீஸ் கட்ட வைத்தது. அதில் என் ஆட்டுக்குட்டிகளை விற்ற காசும் இருந்தது. நாளை மறுநாள் வருவதாகச் சொல்லிப் போய்விட்டார்.

எனக்குச் சோறே இறங்கவில்லை. தரையில் சிந்திக் கிடந்த அவர் அரிசியைப் பொறுக்கினேன். விரலில் கறுப்பாக ஒட்டியது. தம்பியிடம் உடைந்த ஸ்பீக்கர் காந்தம் ஒன்று உண்டு. அதைக் கிட்டே வைத்ததும் டக்கென்று ஒட்டிக்கொண்டது. எங்கள் ரேஷன் அரிசி அசையவே இல்லை. தாமிரத்துக்கு இரும்பை இழுக்கும் குணம் கிடையாது என்று படித்திருக்கிறோம் அல்லவா? அப்படியென்றால் அரிசியில் இரும்புத்தூள், காசுக்குள் காந்தம்.

சித்தப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "அரிசி எப்படியோ போவட்டும் பாப்பா. வெள்ளைக்காரன் காசு, பழசுதானே?" என்றார்.

அப்போதுதான் ஆயா சுருக்குப்பையை அவிழ்த்தது. வெற்றிலைக்கு அடியில் ஒரு காலணா! அவங்க அம்மா கொடுத்ததாம். மறுநாள் அதைப் பள்ளிக்கு எடுத்து வந்தேன். சமூக அறிவியல் டீச்சர் லென்ஸ் வைத்துப் பார்த்தார். வருஷம் 1835. ஒரு பக்கம் கேடயமும் இரண்டு சிங்கங்களும், மறுபக்கம் இலை வளையத்துக்குள் காசின் மதிப்பு. ஆய்வகத் தராசில் 6.2 கிராம் இருந்தது. புதிதில் ஏறக்குறைய ஆறரை கிராம் இருக்குமாம். கைபட்டுக் கைபட்டு மேடான இடமெல்லாம் மழுங்கியிருந்தது, பள்ளம் மட்டும் தெளிவு. அச்சில் ஊற்றி வார்த்த போலியில் ஊசித்துளை போலக் குழிகளும், விளிம்பில் ஒட்டுக்கோடும் தெரியுமாம். இதில் அப்படி எதுவும் இல்லை.

1616 என்றதும் டீச்சர் சிரித்துவிட்டார். கம்பெனிக்காரர்கள் நம் கடலூர் தேவனாம்பட்டினம் கோட்டையை வாங்கியதே 1690இல்தான். கம்பெனி சென்னையில் அடித்த தங்க வராகனில் சாமி உருவம் உண்டு. ஆனால் தாமிர அணாக் காசில் ராமரும் அனுமாரும் கிடையாது, பிற்காலத்தில் விற்பதற்கென்றே செய்த பொம்மைக் காசுகள் அவை என்றார். எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டு போய்ச் சித்தப்பாவிடம் படித்துக் காட்டினேன். பதில் பேசவில்லை.

அந்த ஆள் வந்தபோது சித்தப்பா எங்கள் அரிசியைத் தட்டில் கொட்டி, "இதுல காட்டுங்க" என்றார். "இன்னைக்கு நட்சத்திரம் சரியில்ல" என்று சொல்லி அவர் பைக்கை எடுத்துக்கொண்டு போனவர்தான். அக்காவுக்குப் பீஸ் கட்டியாகிவிட்டது. சித்தப்பா மட்டும் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

பிறகு அவரே வந்து, "ஆயா காசு என்னா வெல போவும்?" என்று கேட்டார். அது ஏராளமாக அடித்த காசு, பெரிய விலை போகாது என்று டீச்சர் சொன்னதைச் சொன்னேன். இன்னொன்றைச் சொல்லவில்லை. பள்ளிக்கு எடுத்து வருமுன் அழகாக இருக்கட்டும் என்று புளி போட்டு ஒரு பக்கம் தேய்த்துவிட்டேன். பழங்காசைத் தேய்த்தால் மதிப்பே போய்விடும் என்று டீச்சரிடம் நல்ல திட்டு.

ஆயா பார்த்துவிட்டு, "ஏண்டி, எங்கம்மா காச இப்புடி வெளுத்துட்ட?" என்று கேட்டுவிட்டு, மறுபடி வெற்றிலைக்கு அடியிலேயே வைத்துக்கொண்டது.

- ஒன்பதாம் வகுப்பு மாணவி, கம்மாபுரம்