சீமைக்கருவேலமும் பன்றி விலாவும்

டெக்சாஸ்காரர்கள் கறியைப் புகையில் வேகவைக்கத் தேடி வாங்கும் விறகுகளில் ஒன்று மெஸ்கீட். அதன் நெருங்கிய சொந்தம் யார் தெரியுமா? நம்ம சீமைக்கருவேலம்! புதுக்கோட்டைப் பக்கம் கண்மாயிலும் தரிசிலும் மண்டிக் கிடக்கும் அதே முள்மரம்தான். 2017ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே இதை அகற்றச் சொல்லி உத்தரவு போட்டது. அங்கே காசு, இங்கே தொல்லை.

ஆக, பன்றி விலாவைப் புகைபோட்டு, இனிப்புப் பூச்சோடு சாப்பிட ஆசைப்படும் புதுக்கோட்டைக்காரருக்கு விறகுக் கவலை இல்லை. தைலமரத்தை மட்டும் தொடவே கூடாது. எண்ணெய் வாடை கறியில் ஏறிவிடும்.

செய்முறை ஒன்றும் பிரமாதமில்லை, பொறுமைதான் வேண்டும். விலாவின் உள்பக்கம் இருக்கும் மெல்லிய சவ்வை உரித்துவிட்டு உப்பு, மிளகு, மிளகாய்த்தூள் தடவ வேண்டும். மூடி போட்ட, பெயிண்டோ துத்தநாகமோ பூசாத இரும்பு டிரம்மில் ஒரு பக்கம் கரி, மறுபக்கம் கறி. நேர் தணல் படக்கூடாது. சீமைக்கருவேலக் கரியோடு காய்ந்த துண்டு இரண்டு மூன்று போதும். புகை மெலிசாக வர வேண்டும். வெள்ளையாகக் குபுகுபுவென்று வந்தால் கறி கசக்கும். சூடு 110 முதல் 120 டிகிரி, நேரம் 5, 6 மணி. விலாவில் இருக்கும் கொலாஜன் மெதுவாக ஜெலட்டினாக இளகினால்தான் கறி பஞ்சு மாதிரி வரும். உள்சூடு 90ஐத் தாண்டுவதால் நாடாப்புழு பயமும் இல்லை.

பூச்சுக்குக் கருப்பட்டி. கரைத்து, மண் போக வடிகட்டி, புளிக்கரைசல், மிளகாய்த்தூள், உப்பு சேர்த்துப் பாகாகக் காய்ச்ச வேண்டும். கடைசி அரைமணி நேரத்தில்தான் பூச வேண்டும். முன்னாடியே பூசினால் சர்க்கரை கருகிவிடும்.

எல்லாம் சரி... ஆறு மணி நேரப் புகையை எங்கே ஒளிப்பது? அதுதான் நிஜப் பிரச்சினை. மட்டன் குழம்பு தெருவுக்கே மணந்தால் பெருமை. பன்றிக்கறி என்றால் கருப்புப் பையில் சுற்றி வர வேண்டியிருக்கிறது. மத நம்பிக்கையால் தவிர்ப்பவர்கள் வேறு, அது அவர்கள் உரிமை. ஆனால் 'இன்ன சாதிக்காரர் சாப்பாடு' என்று முகம் சுளிப்பது வேறு. வாடகை வீட்டில் இருப்பவருக்கு அந்தச் சுளிப்பு வீட்டையே காலி செய்ய வைக்கலாம்.

இத்தனைக்கும் அமெரிக்க பார்பெக்யூவை வளர்த்ததில் பெரும்பங்கு அடிமைகளாக இருந்த கறுப்பினச் சமையல்காரர்களுடையது. கான்சாஸ் சிட்டியில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தத் தொழிலுக்கு வழிபோட்ட ஹென்றி பெர்ரியும் கறுப்பினத்தவரே. இன்று உலகமே விரல் சூப்புகிறது. பெருநகர ஓட்டலில் 'பார்பெக்யூ போர்க் ரிப்ஸ்' என்று மெனு கார்டில் வந்தால் போட்டோ எடுத்துவிட்டுச் சாப்பிடுகிறார்கள். அதே கறி, அதே எலும்பு. பெயர் இங்கிலீஷுக்கு மாறியதும் சாதி எங்கே போனதோ!

அதனால் கொல்லைப்புறத்தில் தைரியமாகப் புகை போடலாம். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தால் ஒரு எலும்பை நீட்டலாம். வேண்டாம் என்றால் அவர் இஷ்டம். மூக்கைப் பொத்தினால், ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டியதுதான்.