சதுரங்கப்பட்டினத்துச் செங்கல் கோட்டை

தாம்பரத்துவாசிகளுக்கு ஒரு யோசனை. அடுத்த விடுமுறை நாளில் காலை மின்சார ரயிலைப் பிடித்துச் செங்கற்பட்டுக்குப் போங்கள். அங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகக் கல்பாக்கத்துக்கு பஸ். அணுமின் நிலையத்துக்கு அருகிலேயே, கடலைப் பார்த்தபடி ஒரு செங்கல் கோட்டை நிற்கிறது. ஊர், சதுரங்கப்பட்டினம். வெள்ளைக்காரர் நாக்கில் புரண்டு அது 'சட்ராஸ்' ஆயிற்று!

கோட்டை என்றதும் ராஜா, ராணி, அந்தப்புரம் என்று எதிர்பார்க்காதீர்கள். இது வியாபாரிகளின் கோட்டை. பழவேற்காட்டில் காலூன்றிய டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி, பதினேழாம் நூற்றாண்டில் இங்கேயும் கடை விரித்தது.

எதைத் தேடி வந்தார்கள்? துணியை! கிராம்பும் ஜாதிக்காயும் கிழக்குத் தீவுகளில் விளைந்தன. தீவுக்காரர்களோ நம் ஊர்ப் பருத்தித் துணியைக் கேட்டார்கள். ஆகவே இங்கே துணி வாங்கி, அங்கே கொடுத்து, வாசனைச் சரக்கை ஐரோப்பாவில் விற்றுப் பணம் குவித்தது கம்பெனி. தறிக்காரர்களுக்குத் தரகர் மூலம் முன்பணம் போய்விடும். நெய்த துணி கோட்டைக் கிடங்குக்கு வந்து சேரும். கப்பல் கரைக்கு வர முடியாது. தூரத்தில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். கயிற்றால் பலகைகளைத் தைத்த மசூலாப் படகுகள்தான் அலையைத் தாண்டிச் சரக்கைக் கொண்டுபோகும். ஆணி அடித்த படகென்றால் அந்த அலையில் பிளந்துவிடும்!

வட ஜெர்மனியிலும் இப்படி ஒரு வியாபாரப் பட்டினம் உண்டு. லூபெக் என்று பெயர். ஹான்ஸா என்ற வணிகர் கூட்டணிக்குத் தலைமை நகரம். நமக்குத் துணி போல் அவர்களுக்கு உப்பு. 1942-ல் குண்டு வீச்சில் பழைய நகரின் ஒரு பகுதி எரிந்தது. ஆனாலும் செங்கல் கோபுரங்களை மறுபடி எழுப்பினார்கள். 1987-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரிய இடமாக ஏற்றது. உப்புக் கிடங்குகள் இன்றும் ஆற்றங்கரையில் நிற்கின்றன.

நம் கோட்டைக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1781-ல் ஆங்கிலேயர் பிடித்தார்கள். 1782 பிப்ரவரி 17-ஆம் தேதி, இதன் எதிரே கடலில் ஆங்கிலேயக் கப்பல்களும் பிரெஞ்சுக் கப்பல்களும் மோதின. கோட்டை கை மாறிக் கை மாறி, 1824-ஆம் வருஷ உடன்படிக்கையால் ஒரேயடியாக ஆங்கிலேயரைச் சேர்ந்தது. வியாபாரம் சென்னைக்குப் போயிற்று. சுவர்கள் மட்டும் மிஞ்சின.

இப்போது தொல்பொருள் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. உள்ளே சிதைந்த கிடங்குகளைப் பார்த்துவிட்டு, கல்லறைத் தோட்டத்தில் சற்று நில்லுங்கள். கல்லில் குலச்சின்னம், அழகான டச்சு எழுத்து, இறந்தவர் பெயர், தேதி... தாய்நாடு திரும்பாதவர்கள், பாவம்! ஆனால் ஒன்றை யோசியுங்கள். வாங்கி விற்றவருக்குக் கல்லில் பெயர் இருக்கிறது. கடல் கடந்து கப்பல்களை இழுத்து வந்த அந்தத் துணியை நெய்தவருக்கு ஒரு செங்கல் கூட இல்லை. லூபெக்கின் உப்பைச் சுமந்தவருக்கும் இதே கதிதான் போலும்.

குழந்தைகளுக்கு இதைச் சொல்லுங்கள். பாடப் புத்தகத்தில் அவர்கள் படிக்கும் கம்பெனிகளெல்லாம் நம் தறியைத் தேடி வந்தவைதான் என்று தெரியட்டும். தொப்பியும் தண்ணீரும் எடுத்துப் போங்கள்; வெயில் கடுமை. ஆணி மட்டும் வேண்டாம். நெய்தவர்களே தங்கள் பெயரைப் பொறிக்காத இடத்தில், பார்க்க வந்த நாம் பொறிப்பானேன்?