நுனியிலிருந்து இறங்கும் கறுப்பு

ரோஜாச் செடி ஒரே நாளில் பட்டுப்போவதில்லை. பூப் பறித்த இடத்திலோ காற்றில் முறிந்த கம்பின் நுனியிலோ முதலில் சிறிது கபில நிறம் தெரியும். சில நாட்களில் அது கறுத்துக் கீழ்நோக்கி இறங்கும். கறுப்புக்கும் பச்சைக்கும் இடையே பெரும்பாலும் ஊதா கலந்த ஒரு கோடு ஓடும். அந்தக் கோடு கணுவைத் தாண்டி, கிளை பிரியும் இடத்தையும் தாண்டி அடித்தண்டை எட்டிவிட்டால் செடியைக் காப்பாற்றுவது கடினம். இதனையே நுனிக்கருகல் என்கிறார்கள்.

வெலிமடையில் எங்கள் வீட்டு முற்றத்து ரோஜா வாப்பா வைத்தது. 1978இல் நுவரெலியாவிலிருந்து ஈரச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் கொண்டுவந்தார். இளஞ்சிவப்புப் பூ, வாசம் தெரு வரைக்கும் வரும். வாப்பா மௌத்தாகிப் பல வருடங்கள் கழிந்த பின்னும், அதிகாலையில் உம்மா முதலில் போய்ப் பார்ப்பது அந்தச் செடியைத்தான்.

2021 ஆடிக் காற்றில் பக்கத்து வெண்ணெய்ப்பழ மரத்தின் கொப்பொன்று அதன்மேல் விழுந்தது. கம்புகள் பிளந்தன. ஐப்பசியில் மழை பிடித்தது. மார்கழிக்குள் பதினொரு கம்புகளில் ஏழு கறுத்துவிட்டன.

பசளை போதாது என்றார் ஒருவர். கண்ணூறு என்றார் இன்னொருவர். காய்வதெல்லாம் ஒரே நோயல்ல. வேரில் நீர் தேங்கினால் செடி முழுவதும் மஞ்சளாகும். தண்ணீர் போதாவிட்டால் நுனிகள் எல்லாம் ஒன்றாக வாடும். தண்டு துளைக்கும் புழுவானால் வெட்டிய முனையில் சிறு துவாரம் இருக்கும். நுனிக்கருகல் அப்படியல்ல. காயத்தில் தொடங்கும், கம்பு கம்பாகப் பிடிக்கும். பட்ட பட்டையில் ஊசித்தலை அளவில் கறுப்புப் புள்ளிகள் தோன்றும். அவை பங்கசின் வித்திகள் நிறைந்த பைகள். மழைத்துளி தெறிக்கும்போது வித்திகள் அடுத்த காயத்துக்குப் போய்விடும். எங்கள் செடியில் இவை எல்லாமே இருந்தன.

என்னைப் பயமுறுத்தியது வேறொன்று. அது அரும்பொட்டுச் செடி. வேர் ஒரு காட்டு ரோஜாவினுடையது. அதன்மேல் ஒட்டிய அரும்பிலிருந்து வளர்ந்ததே வாப்பாவின் ரோஜா. கருகல் ஒட்டுக்குக் கீழே இறங்கினாலும் வேர் உயிரோடிருந்து தளிர் விடலாம். செடி பிழைத்துவிட்டதென்று நாம் மகிழ்வோம். பூக்கும்போது அது வாப்பாவின் ரோஜாவாக இராது.

ஆகவே ஆழமாக வெட்ட வேண்டும். உம்மா விடவில்லை. "பச்சக் கம்ப வெட்ட வாணா மகன், அது பாவம்" என்றார். நான் ஒரு கம்பை மட்டும், வெளியே பச்சையாகத் தெரிந்த இடத்தில் வெட்டிக் கையில் கொடுத்தேன். நடுவில் வெள்ளையாக இருக்க வேண்டிய சோறு கபிலமாகியிருந்தது. ஜன்னலோரம் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். "வெளிய பச்ச, உள்ளுக்கு கருகிப் பெய்த்து" என்றார். பிறகு தடுக்கவில்லை.

மழை நாளில் வெட்டினால் காயங்களில் நோய் தொற்றும். 2022 மாசியில் வெயில் விழும்வரை பொறுத்திருந்தேன். கருகலுக்கு இரண்டங்குலம் கீழே வெட்டி நடுவைப் பார்ப்பது. வெள்ளை தெரியாவிட்டால் இன்னும் கீழே போவது. வெளிப்பக்கம் பார்த்த அரும்புக்குக் கால் அங்குலம் மேலே, சாய்வாக வெட்டினேன். அரும்புக்கு மேலே நீண்ட முண்டு விட்டால் அதுவே மறுபடியும் கருகும். ஒவ்வொரு வெட்டுக்கும் பின்னர் கவ்வாத்துக் கத்தரியை ஸ்பிறிட்டால் துடைத்தேன். வெட்டியவற்றைக் கூட்டெருக் குழியில் போடாமல் எரித்தேன். ஒரு கம்பில் ஒட்டுக்கு மேலே இரண்டு விரற்கடைதான் மிஞ்சியது.

மருந்துக்கு என்ன செய்வது? 2021 மே மாதம் இரசாயன உரங்களினதும் விவசாய இரசாயனங்களினதும் இறக்குமதி தடைசெய்யப்பட்டிருந்தது. நவம்பரில் தடை நீங்கினாலும், உருளைக்கிழங்குக்கு அடிக்கும் பங்கசு நாசினியின் விலை எங்களுக்கு எட்டாததாக இருந்தது. பழைய கடையொன்றில் மயில்துத்தம் கொஞ்சம் கிடைத்தது. 100 கிராம் மயில்துத்தத்தை அரை லீற்றர் நீரிலும், 100 கிராம் சுண்ணாம்பை இன்னொரு அரை லீற்றரிலும் தனித்தனியே பிளாஸ்ரிக் வாளிகளில் கரைத்து, பின் ஒன்றாய்க் கலந்தேன். மினுக்கிய கத்தியை அதில் தோய்த்தால் செம்பு படியக்கூடாது. படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை. வெட்டு வாய்களில் அந்தப் பசையைத் தூரிகையால் பூசினேன்.

இதுதான் போர்டோப் பசை. இதன் மூலமான போர்டோக் கலவையை 1885இல் பிரான்சில் மில்லார்டே என்ற தாவரவியலாளர் திராட்சைக்காக அறிமுகப்படுத்தினார். எங்கள் பதுளை மாவட்டத்து மடுல்சீமையில் கோப்பி இலையில் துருநோய் காணப்பட்டது 1869இல். மருந்து பதினாறு வருடம் பிந்திவிட்டது. அதற்குள் கோப்பித் தோட்டங்கள் அழிந்து தேயிலை வந்துவிட்டது.

பட்டதை எந்த மருந்தும் உயிர்ப்பிக்காது. புதுக் காயத்தின் வாசலை மூடுவதே அதன் வேலை. மற்றதைக் காற்றும் வெயிலும் செய்ய வேண்டும். வெண்ணெய்ப்பழ மரத்தின் தாழ்ந்த கொப்புகளைக் கழித்தோம். காலையில், இலை நனையாமல், அடியில் மட்டும் நீர் ஊற்றினோம். யூரியா போடவில்லை.

நோன்பு மாதத்தில் ஒட்டுக்கு மேலே இரண்டு தளிர்கள் வந்தன. கீழிருந்தும் ஒன்று வந்தது. அதன் இலை வேறு மாதிரி. அதை வேரோடு சேரும் இடத்தில் கிழித்தெடுத்தேன். ஆனியில் முதல் பூ. உம்மா அதை மணந்து பார்த்துவிட்டு, "வாப்பாட பூதான்" என்றார்.

நோயற்ற கம்புகளில் பென்சில் தடிப்பில் ஐந்து துண்டுகள் நட்டோம். இரண்டு வேர்விட்டன. ஒன்று அக்குறணையில் ராத்தா வீட்டில் நிற்கிறது. ஒட்டில்லாமல் சொந்த வேரிலேயே.

மத்ரஸாவுக்குப் போகும் பிள்ளைகள் எங்கள் வேலியில் பூப் பறிப்பது நெடுநாள் வழக்கம். உம்மா ஏசியதில்லை. கையால் முறித்தால் கிழிந்த காயம் உண்டாகும் என்பதால், இப்போது படலையில் ஒரு சிறிய கத்தரிக்கோலைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். பக்கத்தில் ஸ்பிறிட் போத்தலும் பஞ்சும். பிள்ளைகள் துடைத்துவிட்டுத்தான் வெட்டுகிறார்கள்.