ஒரு கொம்பும் ஒரு காலும்

தடாவிலிருந்து புறநகர் வண்டியில் சென்னைக்குச் சென்றுவரும் ஆய்வு மாணவி ஒருத்தி, தன் சுவடிப் பட்டியலுக்கு இணையப் பக்கம் அமைத்தாள். வழிசெலுத்தும் பட்டைக்கு 'இடப்பட்டை' என்றே முதலில் வகுப்புப் பெயர் இட்டாள். நாளை அது மேலே நகர்ந்தால் பெயர் பொய்த்துவிடுமே! எனவே பயன் கருதிப் பட்டையை 'வழிநிரல்' என்றும், அதனுள் அமையும் ஒவ்வோர் இணைப்பையும் 'தொடுப்பு' என்றும் மாற்றினாள். தமிழ்ப் பெயர்களுக்குத் தடையில்லை. 1998இல் வெளிவந்த சிஎஸ்எஸ் இரண்டாம் பதிப்பே அவற்றை ஏற்கிறது.

வழிநிரல் நிறம் பெற்றது, தொடுப்புகள் பெறவில்லை. ஆங்கிலத்துக்கு மாறிவிடுமாறு நெறியாளர் அறிவுறுத்தினார். அவள் இசையவில்லை. இரண்டு இரவுகள் கழிந்தபின் காரணம் புலப்பட்டது. பக்கத்தை ஒரு விசைப்பலகையிலும் நடைத்தாளை வேறொன்றிலும் தட்டச்சிட்டிருந்தாள். 'தொ'வின் ஒகரக் குறி ஒன்றில் ஒரே யூனிகோடு குறியீடு. மற்றொன்றில் ஒற்றைக்கொம்பும் காலுமாக இரு குறியீடுகள். கண்ணுக்கு வேற்றுமையில்லை. உலாவியோ குறியீடுகளை உள்ளபடியே ஒப்பிடும், இயல்பாக்கிப் பார்ப்பதில்லை. 'வழிநிரல்' தப்பியது அதில் ஒகர, ஓகார, ஔகாரக் குறிகள் இல்லாமையால்தான். பெயர் சூட்டியவளின் திறமையால் அன்று.

பெயரை அவள் மாற்றவில்லை. இரு கோப்புகளையும் ஒருங்கிணைந்த வடிவத்துக்கு மாற்றியதும் தொடுப்புகள் நிறம் பெற்றன. தெலுங்கின் ஐகாரக் குறிக்கும் இதே இரட்டை வடிவம் உண்டு. எல்லையூர்க்காரியாதலால், தெலுங்குப் பக்கத்தையும் அன்றே சோதித்துவிட்டாள்.