பாயசமும் சாம்பிராணியும்

ஷாலிமாரைப் பூசிய முதல் பத்து நிமிடம் அது ஆளை ஏமாற்றிவிடும். எலுமிச்சை சர்பத் மாதிரி சில்லென்று இருக்கும். அது பெர்கமாட். தெற்கு இத்தாலியின் கலாப்ரியாவில் விளையும், நாரத்தை மாதிரியான ஒரு பழத்தின் தோலிலிருந்து எடுக்கிற எண்ணெய். எளிதில் ஆவியாகும் மூலக்கூறுகள் முதலில் கிளம்பிப் போகும், கனமானவை தங்கிவிடும். பள்ளியில் படித்த வேதியியல்தான். அரை மணி நேரம் கழித்து மணிக்கட்டை முகர்ந்தால் அங்கே வேறு ஒரு ஆள் உட்கார்ந்திருப்பார். புகை, பதனிட்ட தோல், பிசின், எல்லாவற்றுக்கும் அடியில் கெட்டியான வெனிலா. மறுநாள் காலை சட்டைக் காலரில் அந்த ஆள் மட்டும் மிச்சமிருப்பார்.

இந்த வகை வாசனைகளுக்கு மேற்கில் நெடுங்காலம் இருந்த பெயர் 'ஓரியண்டல்'. கீழைத்தேய வாசனை. நானும் கீழைத்தேயக்காரன்தான். ஆனால் என் ஊர் இப்படி மணக்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. அதனால்தான் இந்த பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்று தேட ஆரம்பித்தேன்.

பாரிஸில் ஜாக் கெர்லான் உருவாக்கியது இது. 1925இல் அங்கே நடந்த அலங்காரக் கலைக் கண்காட்சியில் வைத்ததும் உலகம் முழுக்கப் பேர் வாங்கியது. கெர்லானின் 1889ஆம் ஆண்டு வாசனையான 'ஜிக்கி'யில் அவர் கொஞ்சம் எத்தில் வெனிலினை ஊற்றிப் பார்த்தார், அப்படிப் பிறந்ததுதான் ஷாலிமார் என்று ஒரு கதை சொல்வார்கள். பெயருக்கும் ஒரு கதை உண்டு. ஷாஜகான், மும்தாஜ், அவர்கள் காதலித்த ஷாலிமார் தோட்டம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் காஷ்மீர் ஷாலிமார் தோட்டத்தை 1619இல் அமைத்தவர் ஜஹாங்கீர். லாகூர் ஷாலிமாரை ஷாஜகான் கட்டத் தொடங்கியது 1641இல். மும்தாஜ் இறந்தது 1631இல். அந்தத் தோட்டத்தை அவர் பார்க்கவே இல்லை.

உள்ளே இருப்பதும் அப்படித்தான். வெனிலா மெக்சிகோவின் கொடி. அது வேறு ஊர்களில் பூத்தாலும் காய்க்காமல் இருந்தது. 1841இல், இந்தியப் பெருங்கடலின் ரீயூனியன் தீவில், எட்மண்ட் என்ற பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன் ஒரு சின்னக் குச்சியையும் கட்டைவிரலையும் வைத்து அதன் பூவை மகரந்தச் சேர்க்கை செய்யும் வழியைக் கண்டுபிடித்தான். ஆல்பியஸ் என்ற குடும்பப் பெயர் அவனுக்கு விடுதலைக்குப் பிறகுதான் கிடைத்தது. இன்றும் வெனிலாத் தோட்டங்களில் கையால்தான் அந்த வேலை நடக்கிறது. 1874இல் ஜெர்மானிய வேதியியலாளர்கள் வெனிலினை ஆய்வகத்திலேயே செய்துவிட்டார்கள். எத்தில் வெனிலின் அதைவிட இரண்டிலிருந்து நான்கு மடங்கு தூக்கலானது. இன்னொரு சரக்கான டோங்கா விதை தென்னமெரிக்காவிலிருந்து வருகிறது. மெக்சிகோ, இத்தாலி, ஜெர்மனி, தென்னமெரிக்கா எல்லாம் சேர்ந்து கிழக்கு ஆகிவிட்டது.

முழுக்கப் பொய்தானா என்றால், அதுவும் இல்லை. இந்தக் குடும்பத்து வாசனைகளின் அடித்தளத்தில் வழக்கமாக வரும் ஒரு பிசினுக்குப் பெயர் பென்சாயின். சுமத்ரா, லாவோஸ் பக்கத்து மரங்களில் கீறி எடுப்பது. அரபு வணிகர்கள் அதை 'லுபான் ஜாவி', அதாவது ஜாவாக் குங்கிலியம் என்றார்கள். அந்தச் சொல் ஐரோப்பிய வாய்களில் தேய்ந்து பென்சாயின் ஆனது. நம் வீட்டில் அதற்குப் பெயர் சாம்பிராணி. வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டு, தணல் மேல் போட்டு, ஈர முடியை விரித்துக் காட்டுவோமே, அதேதான்.

இதைப் படித்த அன்று மணிக்கட்டை மறுபடியும் முகர்ந்து பார்த்தேன். ஆமாம், இருந்தது.

நான் ஏன் இதை வாங்கினேன் என்பதைச் சொல்ல வேண்டும். ஒரு ப்ராஜெக்ட்டுக்காக ஜெர்மனியில் பதினோரு மாதம் இருந்தேன். வீட்டுக்காரம்மா நல்லவர். கதவில் ஒருநாள் மரியாதையாக ஒரு சீட்டு ஒட்டியிருந்தார். சமைக்கும்போது படிக்கட்டுப் பக்கக் கதவை மூடிவைக்க முடியுமா, வாசனை மேலே வரை வருகிறது. அவ்வளவுதான், திட்டக்கூட இல்லை. ஆனால் அன்றிலிருந்து என்னையே நான் மோந்து பார்க்க ஆரம்பித்தேன். கம்பளிக் கோட்டு தாளிப்பை விடாது. அதனால் கோட்டுக்கு ஜிப் வைத்த ஒரு உறை. துணிக்கு மணமில்லாத சோப்பு. கடுகு வெடிக்கிற சமையல் சனிக்கிழமை மட்டும். அலுவலக லிஃப்ட்டில் மூலையில் நிற்பது. ஆறே மாதத்தில் நான் மணமே இல்லாத மனிதனாகிவிட்டேன். என்னைக் குறித்து யாரும் ஒன்றும் சொல்வதற்கில்லை என்கிற நிலை. அதை நாகரிகம் என்றுதான் நினைத்திருந்தேன்.

இதை வெள்ளைக்காரர்கள் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது. சென்னையில் கருவாடு பொரித்ததற்காக வீட்டைக் காலி செய்யச் சொல்லப்பட்டவர்கள் என் நண்பர்களிலேயே இருக்கிறார்கள். யாருடைய அடுப்பு மணக்கிறது, யாருடைய அடுப்பு நாறுகிறது என்பதை மூக்கு தனியாக முடிவு செய்வதில்லை. 'நாற்றம்' என்ற சொல்லுக்கே பழந்தமிழில் நறுமணம் என்ற பொருள் உண்டு. சொல் இறங்கிப்போனது மாதிரி ஆட்களையும் இறக்கிவிடலாம்.

ஊர் திரும்பும் வழியில், விமான நிலையக் கடையில் சோதனைச் சீட்டில் ஷாலிமாரை முகர்ந்தேன். இரண்டு மணி நேரம் கழித்தும் அது கையில் இருந்தது. பக்கத்து இருக்கைக்காரருக்கும் கேட்டிருக்கும். அது யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. அந்தத் தைரியம்தான் எனக்குப் பிடித்தது. அடுத்த பயணத்தில் வாங்கினேன். பெண்கள் அலமாரியில் இருந்தது. "பரிசாகக் கட்டித் தரவா?" என்று கேட்ட பெண்ணிடம் "எனக்குத்தான்" என்றேன். அவர் சிரிக்காமல் பில் போட்டார்.

பூசிக்கொள்ளும்போது எனக்கு ஒன்று உறுத்தும். பாலும் புகையும் பிசினுமாக இவ்வளவு கனமான ஒரு வாசனையோடு அதே லிஃப்ட்டில் ஏறினால் பாராட்டு கிடைக்கும். என் கோட்டில் இருந்த கடுகுக்குக் கிடைத்தது கதவில் ஒட்டிய சீட்டு. நடுவில் இருப்பது பாரிஸ் என்ற ஒரு முத்திரை மட்டும்தான். அப்படியானால் நான் பூசிக்கொள்வது வாசனையையா, முத்திரையையா? இரண்டையும்தான் என்று நினைக்கிறேன்.

அம்மாவிடம் எதுவும் சொல்லாமல் கையை நீட்டினேன். முகர்ந்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"பாயசம் வச்சுட்டு பக்கத்துல சாம்பிராணி போட்ட மாதிரி இருக்குடா."

"நல்லாருக்கா?"

"நல்லாத்தான் இருக்கு. எவ்ளோ?"

சொன்னேன்.

"அந்தக் காசுக்குப் பாயசமே வச்சுருக்கலாம்."

ஷாலிமாரைப் பற்றி நிறைய விமர்சனங்கள் படித்திருக்கிறேன். இதைவிடத் துல்லியமாக யாரும் எழுதியதில்லை. அவளுக்கு முகலாயத் தோட்டம் தெரியவில்லை, மர்மமான கிழக்கும் தெரியவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை மட்டும்தான் தெரிந்தது.

2021இல் வாசனைகளை வகைப்படுத்தும் மைக்கேல் எட்வர்ட்ஸ் தன் பட்டியலில் 'ஓரியண்டல்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'ஆம்பரி' என்று மாற்றினார். தொழிலில் பலரும் அதே வழியில் போகிறார்கள். சரியான மாற்றம்தான். யாரோ ஒருவர் கனவு கண்ட இடத்தின் பெயரை எத்தனை நாள் நம் நெற்றியில் ஒட்டிக்கொண்டு திரிவது? ஆனால் பெயரை மாற்றியதால் லிஃப்ட் மாறிவிடாது. பாட்டிலுக்குள் வந்தால் கொண்டாடுவதும் கோட்டில் வந்தால் மூக்கைச் சுளிப்பதும் வேறு நோய்.

சென்னை வெயிலில் ஷாலிமார் தாங்காது. புழுக்கத்தில் திகட்டி, தலைவலி கொடுத்துவிடும். மார்கழியில் மட்டும், கழுத்துக்குப் பின்னால் ஒரு துளி. கோட்டு உறை எங்கேயோ பரணில் கிடக்கிறது. சனிக்கிழமை என்ற கணக்கும் இப்போது இல்லை, எந்த நாளிலும் தாளிக்கிறேன். போன மாதம் அலுவலக லிஃப்ட்டில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், "சார், என்ன ஸ்மெல் இது, சூப்பரா இருக்கு" என்றாள். "சாம்பிராணி" என்றேன். பாதிதான் உண்மை. மீதியில் ஒரு மெக்சிகோக் கொடியும், ரீயூனியன் சிறுவனும், பார்க்காத தோட்டத்துக்கு ஒரு ராணியும் இருக்கிறார்கள். நாலாவது மாடி வருவதற்குள் அவ்வளவையும் எங்கே சொல்வது?